மன்னார்க் கரையிலிருந்து இரு திசைகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் வாழும் முகாம்கள் நான்கு உள்ளன: பழவிளை, பெருமாள்புரம், கோழிவிளை, ஞாறாம்விளை. ரமளான் வரும்போதும், மழைக்காலத்தில் கூரை ஒழுகும்போதும், கல்லூரிச் சேர்க்கைக் காலத்திலும் உதவி வேண்டி அங்கிருந்து யாரேனும் நம் ஜமாஅத்துகளை நாடி வருவதுண்டு. அப்போதெல்லாம் ஒரு வினா எழும். உரத்த குரலில் எழுவதில்லை. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லக் கேட்பார்: "தொண்ணூறுல நம்ம ஆளுகள உடுத்த துணியோட வெரட்டினவங்கதானே இவங்க?"

இவ்வினாவைக் குறுகிய மனத்தின் வெளிப்பாடு என்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. கேட்பவரின் துயரம் உண்மையானது. குமரியின் கடற்கரை ஊர்களிலிருந்து இலங்கைக்குப் பிழைக்கப் போன முன்னோர் பலர் உண்டு. அங்குள்ள முஸ்லிம்களின் துன்பம் நமக்கு அயலார் துன்பமாக ஒருபோதும் இருந்ததில்லை. ஆயினும் அவ்வினாவுக்குள் இருக்கும் 'இவங்க' என்ற ஒரு சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு 1990-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அந்த மண்ணுக்கு நேற்று வந்தவர்கள் அல்லர். நகரின் சோனகத் தெருவும் அதனைச் சூழ்ந்த பகுதியும் பல தலைமுறைகளாக அவர்களுடைய வாழ்விடம். தையல், இரும்பு வணிகம், இறைச்சிக் கடை, லாரிப் போக்குவரத்து எனப் பல தொழில்கள் அவர்கள் கையில் இருந்தன. வீட்டில் பேசியது தமிழ், மதரஸாவில் ஓதியது அரபு. கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்து ஒரு தலைமுறையையே உருவாக்கிய ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் 1911-இல் பிறந்தது யாழ்ப்பாணத்தில்தான். மன்னாரில் எருக்கலம்பிட்டி, முசலி போன்ற இடங்களில் கடலையும் வயலையும் நம்பி வாழ்ந்த முஸ்லிம் ஊர்கள் இருந்தன. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சிறிய அளவில் இருந்தனர்.

1990 ஜூன் மாதத்தில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே மீண்டும் போர் மூண்டது. ஆகஸ்ட் 3 அன்று கிழக்கே காத்தான்குடியில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள்மீது இரு பள்ளிவாசல்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதாயினர். சில நாள்களில் ஏறாவூரிலும் இரவில் வீடு புகுந்து கொன்றனர். அக்டோபரில் வடக்கின் முறை வந்தது. மாத நடுவில் சாவகச்சேரி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். மாதத்தின் கடைசி வாரத்தில் மன்னார்த் தீவு. அக்டோபர் 30-ஆம் நாள் யாழ்ப்பாண நகரம். அன்று காலை ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்து, ஒஸ்மானியாக் கல்லூரியை ஒட்டிய ஜின்னா மைதானத்துக்கு மக்களை வரச்சொன்னார்கள். அங்கே கிடைத்த செய்தி, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்பது. போகும் வழியில் சோதனைச் சாவடிகளில் பெண்களின் நகைகள் கழற்றப்பட்டன. சொற்பப் பணத்துக்கு மேல் எவர் கையிலும் விடப்படவில்லை. காலையில் கடை திறந்தவர் மாலையில் வவுனியா நோக்கி நடந்துகொண்டிருந்தார். வடக்கு மாகாணம் முழுவதிலும் இவ்வாறு வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 72,000 முதல் 75,000 பேர்.

நம்மில் பலர் கவனிக்காத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அந்த ஆண்டில் மன்னார்க் கரையிலிருந்து படகுகள் ஒரு திசையில் மட்டும் போகவில்லை. ஜூனில் போர் தொடங்கியது முதல் மன்னாரின் தமிழ்க் குடும்பங்கள், இந்துக்களும் கத்தோலிக்கரும், குண்டுவீச்சுக்கு அஞ்சி இராமேசுவரம் நோக்கிப் படகேறின. 1989 ஆகஸ்டிலிருந்து 1991 ஏப்ரல் வரையிலான அந்த இரண்டாம் அலையில் தமிழ்நாட்டுக்கு வந்தோர் சுமார் 1,22,000 பேர். அக்டோபர் கடைசியில் அதே மன்னார்த் தீவின் முஸ்லிம் குடும்பங்கள் தெற்கே கற்பிட்டி நோக்கிப் படகேறின. ஒரே கடல், ஒரே ஆண்டு. ஒரு கூட்டத்தை விரட்டியது அரசின் போர். மற்றொரு கூட்டத்தை விரட்டியது போராளிகளின் கட்டளை. இராமேசுவரத்தில் ஜூலையிலோ ஆகஸ்டிலோ கரையேறிய ஒரு தாய், அக்டோபரில் எருக்கலம்பிட்டியில் நடந்ததற்கு எவ்வகையில் பொறுப்பாவாள்? அவள் அங்கே இல்லவே இல்லை.

ஊரில் இருந்த தமிழர்களைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கட்டளை பிறப்பித்தது துப்பாக்கி ஏந்திய ஓர் இயக்கம். அதை எதிர்த்து வாய் திறக்க அன்றைய யாழ்ப்பாணத்தில் எவருக்கும் எளிதில் துணிவு வராது. ஆயினும் மனித உரிமைகளுக்கான யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு, இவ்வெளியேற்றத்தைக் கண்டித்து அதன் விவரங்களைப் பதிவுசெய்தது. அவ்வமைப்பை நிறுவியவர்களுள் ஒருவரான ராஜனி திராணகம 1989-இல் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார் என்பதை நினைத்தால் அந்தப் பதிவின் விலை நமக்கு விளங்கும். பின்னாளில், 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் புலிகளின் சார்பில் அன்ரன் பாலசிங்கம் இச்செயலுக்கு வருத்தம் தெரிவித்தார். பன்னிரண்டு ஆண்டு அகதி வாழ்வுக்கு அது ஈடாகாது. எனினும் செய்தவர் யார் என்பதில் ஐயம் வேண்டியதில்லை, செய்தவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

இனி, போனவர்கள் என்னவானார்கள்? பெரும்பாலோர் சென்றடைந்தது புத்தளம் மாவட்டம். அங்கிருந்த முஸ்லிம்கள் செல்வந்தர்கள் அல்லர். உப்பளத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் மீன்பிடியிலும் பிழைத்தவர்கள். கற்பிட்டிக் கரையில் நனைந்த துணியோடு இறங்கியவர்களுக்கு அவர்கள் பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் வீட்டு முற்றங்களையும் திறந்துவிட்டார்கள். அரசின் நிவாரணம் வந்துசேருமுன் சோறு வந்தது, அயலார் அடுப்புகளிலிருந்து. தென்னந்தோப்புக்காரர்கள் தோப்பில் குடிசை போட இடம் கொடுத்தார்கள். கிடுகு வேய்ந்த அக்குடிசைகள் சில மாதங்களுக்கு என்று நினைத்துக் கட்டப்பட்டவை.

அந்தச் சில மாதங்கள் ஆண்டுகளாயின. உதவியின் வரலாற்றில் மிகக் கடினமான பகுதி இதுவே. நம் சொற்பொழிவுகளில் இது பேசப்படுவதே இல்லை. முதல் வாரத்தில் உருகிய உள்ளம் ஐந்தாம் ஆண்டில் அப்படியே இருப்பதில்லை. வந்தவர்கள் குறைந்த கூலிக்கு வேலை செய்ததால் உள்ளூர்க் கூலியும் குறைந்தது. கிணறுகள் வற்றின. பள்ளியில் இடம் போதவில்லை. பல்கலைக்கழக அனுமதி, அரசு வேலை ஆகியவற்றில் 'நம் பங்கு போகிறது' என்ற முணுமுணுப்பு எழுந்தது. இடம்பெயர்ந்தோருக்கு உலர் உணவு கிடைத்தது; அவர்கள் குடிசைக்குப் பக்கத்தில் அதே வறுமையில் வாழ்ந்த உள்ளூர் ஏழைக்கு அது கிடைக்கவில்லை. கலிமா ஒன்று, மொழி ஒன்று; ஆயினும் 'அகதி' என்பது ஒரு வசைச் சொல்லாகப் பள்ளிப் பிள்ளைகளிடம் புழங்கிற்று. வடக்கு முஸ்லிம்களுள் ஒருவரும் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியருமான எஸ். எச். ஹஸ்புல்லாஹ் 2018-இல் தாம் வபாத்தாகும் வரை இம்மக்களின் கதையைத் தரவுகளோடு எழுதிவந்தார். உலகம் மறந்துவிட்ட அகதிகள் என்பதே அவருடைய முறையீடு. உலக வங்கியின் துணையோடு நிலையான வீடுகளுக்கான திட்டம் தொடங்கியது 2007-இல். கிடுகுக் கூரையின் கீழ் அதற்குள் பதினேழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

புத்தளத்தவர்களை இதற்காகக் குறைகூற நாம் துணியமாட்டோம். அன்சாரிகளின் பெருமையைப் பேசும் நாம், அந்த அன்சாரித்தனம் எப்படி நீடித்தது என்பதைக் கவனிக்கத் தவறுகிறோம் என்பதையே சொல்ல வருகிறோம்.

மதீனாவின் சகோதரத்துவத்தைப் பற்றி எல்லா மிம்பர்களிலும் சொல்லப்படும் செய்தி, ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அதை ஏற்காமல் கடைத்தெரு எங்கே என்று கேட்டதும், பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் வாழ்வைத் தொடங்கியதும் நமக்குத் தெரியும். அவ்வளவாகச் சொல்லப்படாதவை இரண்டு. முதலாவது, அன்சாரிகள் தம் பேரீச்சந்தோப்புகளை முஹாஜிர்களோடு பங்கிட்டுத் தரும்படி நபி (ஸல்) அவர்களிடம் வேண்டியபோது அவர்கள் அதற்கு இசையவில்லை. நிலம் அன்சாரிகளிடமே இருந்தது. முஹாஜிர்கள் தோப்பில் உழைத்தனர், விளைச்சலில் பங்கு பெற்றனர். இரண்டாவது, கைபர் வெற்றிக்குப் பின் முஹாஜிர்களுக்கு வசதி வந்தபோது, பலன் எடுத்துக்கொள்ளும்படி தங்களுக்கு அன்சாரிகள் ஒப்படைத்திருந்த மரங்களை அவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். அனஸ் (ரலி) அவர்களின் தாயார் உம்மு ஸுலைம் (ரலி) கொடுத்திருந்த மரங்களும் அவ்வாறே அவரிடம் திரும்பி வந்தன.

ஆகவே மதீனாவின் உதவியில் கொடுத்தவர் தம் நிலத்தை இழக்கவில்லை, பெற்றவர் என்றென்றும் பெறுபவராகவே இருக்கவுமில்லை. வேலை இருந்தது. கடைத்தெரு திறந்திருந்தது. ஒரு நாள் திருப்பிக் கொடுத்துத் தலை நிமிரும் வாய்ப்பும் இருந்தது. புத்தளத்தின் கிடுகுக் குடிசைகளில் இல்லாமற்போனது இதுதான். நம் மாவட்டத்து முகாம்களிலும் இன்றுவரை குறைவாக இருப்பது இதுவே.

முகாம்களுக்கு வருவோம். தமிழ்நாட்டுக்கு 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் வந்தவர்களை இந்த மண் வாரி அணைத்தது. மண்டபம் முகாமில் பதிவுசெய்து, பின் மாவட்டந்தோறும் அனுப்பினார்கள். (அந்த மண்டபம் முகாமுக்கே ஒரு பழைய கதை உண்டு. வெள்ளையர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களை நோய்த் தடுப்புக்காக நிறுத்திவைத்த இடம் அது. போனவர்களை அடைத்த வேலிக்குள் வந்தவர்களும் அடைக்கப்பட்டனர்.) 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதற்குப் பின் முகாம் மக்கள்மீது விழுந்த பார்வை மாறிற்று. தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் வருவது தடுக்கப்பட்டது. உயர்கல்வியில் அவர்களுக்கிருந்த சலுகை இடங்கள் சில ஆண்டுகளுக்குப் பறிபோயின. கொலை செய்தவர்கள் ஓர் இயக்கத்தார். தண்டனையை உணர்ந்தவர்கள், படகில் பிள்ளைகளோடு தப்பிவந்த ஒன்றுமறியாதவர்கள்.

இதைப் படிக்கும்போது யாழ்ப்பாணம் நம் நினைவுக்கு வர வேண்டும். அங்கே சில முஸ்லிம்கள் இராணுவத்துக்கு உளவு சொல்கிறார்கள் என்று கூறி எழுபதாயிரம் பேரைத் துரத்தினார்கள். இங்கே சிலர் செய்த கொலைக்காக முகாம்களில் இருந்த அத்தனை பேரும் சந்தேகத்துக்கு ஆளானார்கள். ஒருவன் செயலை அவன் கூட்டத்தார் அனைவர் தலையிலும் ஏற்றும் கணக்கு இரண்டிலும் ஒன்றே. முஸ்லிம்களாகிய நாம் இந்தக் கணக்கின் வேதனையை நம் நாட்டிலேயே போதுமான அளவு அனுபவித்திருக்கிறோம். எங்கோ ஒருவன் குண்டு வைத்தால் வாடகை வீடு கேட்டுப் போகும் நம் பிள்ளையின் பெயரைப் பார்த்துக் கதவு மூடப்படுகிறது. அதே கணக்கை முகாம் மக்கள்மீது நாமே போடலாமா? ஒருவர் சுமையை இன்னொருவர்மீது ஏற்றுவதில்லை என்ற நியதியைக் குர்ஆன் ஓரிடத்தில் சொல்லி நிறுத்தவில்லை. அன்ஆம், பனூ இஸ்ராயீல், ஃபாத்திர், ஸுமர், நஜ்ம் என ஐந்து அத்தியாயங்களில் சொல்கிறது.

ஓரளவு கற்றவர்கள் இங்கே ஒரு மறுப்பை எழுப்பக்கூடும். அல்மும்தஹனா அத்தியாயத்தின் எட்டாம் வசனம், நம்மோடு மார்க்கத்துக்காகப் போரிடாத, நம்மை வீடுகளிலிருந்து வெளியேற்றாத மக்களுக்கு நன்மை செய்வதை அனுமதிக்கிறது. ஒன்பதாம் வசனமோ வெளியேற்றியவர்களையும் அதற்குத் துணைநின்றவர்களையும் பற்றித் தடை விதிக்கிறது. 'வெளியேற்றியவர்கள்' என்ற சொல்லே அங்கு இருக்கிறதே என்பார்கள். வசனத்தை நிதானமாக ஓதினால் இரண்டு விளங்கும். தடுக்கப்பட்டது அவர்களை உற்ற துணைவர்களாக ஆக்கிக்கொள்வது. பசித்தவனுக்குச் சோறு போடுவது அன்று. மேலும், போரிட்டவர், வெளியேற்றியவர், அதற்கு உதவியவர் என்று ஆளைக் குறித்தே அது பேசுகிறது. அவர்கள் மொழி பேசும் எல்லாரையும் அன்று. பழவிளையில் பிறந்து, நாகர்கோவில் கல்லூரியில் படிக்க விரும்பும் ஒரு பெண்பிள்ளை இம்மூவரில் எவர்? யாழ்ப்பாணத்தை அவள் கண்ணால் கண்டதே இல்லை.

அது மட்டுமன்று. உண்மையாகவே வெளியேற்றியவர்கள் பசித்தபோது நபி (ஸல்) அவர்கள் செய்தது என்ன என்பதற்கும் சான்று இருக்கிறது. யமாமாவின் தலைவர் ஸுமாமா இப்னு உஸால் சிறைப்பட்டு மதீனாப் பள்ளியின் தூணில் மூன்று நாள் கட்டப்பட்டிருந்தார். பின் ஈட்டுத்தொகை எதுவுமின்றி விடுவிக்கப்பட்டார். போனவர் குளித்துவிட்டுத் திரும்பிவந்து இஸ்லாத்தை ஏற்றார். உம்ராவுக்காக மக்கா சென்றபோது குறைஷியர் அவரை இகழ்ந்தனர். நபியவர்கள் அனுமதிக்கும் வரை யமாமாவிலிருந்து ஒரு கோதுமை மணியும் உங்களுக்கு வராது என்று சொல்லிவிட்டு அவர் ஊர் திரும்பினார். சொன்னபடியே தானியத்தை நிறுத்தினார். மக்கா தத்தளித்தது. உறவைச் சொல்லிக் குறைஷியர் மதீனாவுக்குக் கடிதம் எழுதினர். யார் இவர்கள்? ஷிஅப் அபீதாலிபில் நபியவர்களின் குடும்பத்தை ஏறத்தாழ மூன்று ஆண்டு உணவின்றி ஒதுக்கிவைத்தவர்கள். முஹாஜிர்களின் வீடுகளைப் பறித்துக்கொண்டவர்கள். அவர்களுடைய பசியை ஓர் ஆயுதமாக்க அதைவிட நல்ல தருணம் கிடைத்திராது. தானியத்தை விடும்படி நபி (ஸல்) அவர்கள் ஸுமாமாவுக்கு எழுதினார்கள்.

ஃபிக்ஹைக் கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக: ஷாஃபிஈ மத்ஹபின்படி ஜகாத் முஸ்லிம்களுக்கே உரியது, அதை முகாமுக்குத் திருப்பிவிட நாம் சொல்லவில்லை. ஃபித்ராவில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்துச் சற்று விரிந்தது. ஹனஃபி மஹல்லாக்கள் தம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஸதகாவோ எல்லார்க்கும் திறந்தது. உணவூட்டப்படுபவரின் வரிசையில் ஏழை, அநாதை ஆகியோரோடு கைதியையும் குர்ஆன் சேர்த்திருக்கிறது. அன்றைய மதீனாவில் கைதி என்றால் நம்மோடு போரிட வந்தவன்.

இனி எதைக் கொடுப்பது என்பதுதான் பேச வேண்டியது. அரிசி மூட்டையோடு முகாமுக்குப் போய்ப் புகைப்படம் எடுத்துத் திரும்பும் பழக்கம் எல்லாச் சமுதாயத்திலும் இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது. அரிசி அங்கே முதல் தேவை அன்று. அரசு உதவித்தொகை தருகிறது. 2021-இல் அது குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாய், பிள்ளைகளுக்கு 500 ரூபாய் என உயர்த்தப்பட்டது. 317 கோடியே 40 லட்சம் ரூபாய்த் திட்டத்தில் 7,469 புதிய வீடுகளும் அறிவிக்கப்பட்டன. முகாம்களின் பெயரும் மறுவாழ்வு முகாம் என மாற்றப்பட்டது. இவை நல்ல செயல்கள். ஆனால் குடியுரிமை இல்லை. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களை எண்ணியபோது இலங்கையை எண்ணவில்லை. முஸ்லிம்களை விட்டுவிட்ட அதே சட்டம் இவர்களையும் விட்டுவிட்டது. இங்கேயே பிறந்து பொறியியல் முடித்த இளைஞன் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல் பெயிண்ட் அடிக்கப் போகிறான்.

நம் மாவட்டமே இதற்கு ஒரு மாற்றுச் சான்றையும் வைத்திருக்கிறது. 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினருக்குக் கீரிப்பாறைப் பகுதி அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை கொடுக்கப்பட்டது. பால்வெட்டும் கடினமான தொழில்தான். கூலியைப் பற்றிய குறைகளும் உண்டு. ஆனாலும் அவர்கள் குடிமக்களாக வந்தார்கள், சம்பளம் வாங்கினார்கள், வாக்களித்தார்கள். அதே தீவிலிருந்து பின்னால் வந்தவர்களுக்கு உதவித்தொகை கிடைத்தது; சம்பளமும் வாக்கும் கிடைக்கவில்லை.

சட்டத்தை மாற்ற ஒரு மஹல்லாவால் இயலாது. மஹல்லாவால் இயன்றவை வேறு. கல்லூரிக் கட்டணத்தில் அரசு தராத பகுதியைச் செலுத்தலாம். நம்மவர் நடத்தும் ஜவுளிக் கடைகளிலும் மருந்துக் கடைகளிலும் முகாம் இளைஞர்களுக்கு மற்றவர்க்குத் தரும் அதே சம்பளத்தில் வேலை தரலாம். அடையாள அட்டை வேறாக இருக்கிறது என்று கூலியைக் குறைக்கும் முதலாளிகள் நம்மிலும் உள்ளனர். பிறப்புச் சான்றிதழுக்காகச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்கு அலைபவர்களின் வழிச்செலவை ஏற்கலாம். வழியிலே தவிப்பவன் என்று மார்க்கம் ஒரு பிரிவினரைச் சொல்கிறதே, நாற்பது ஆண்டுகளாக வழியிலேயே நிற்பவர்கள் இவர்கள்.

வடக்கு முஸ்லிம்களின் கதையும் முடிந்துவிடவில்லை. 2009-இல் போர் ஓய்ந்தபின் திரும்பிச் சென்றவர்கள் தம் ஊர்களைக் காடாகக் கண்டார்கள். முசலிப் பகுதியில் மரிச்சுக்கட்டியில் மீளக் குடியேறியவர்கள் வில்பத்து வனத்தை அழிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளானார்கள். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் இன்னும் பல வீடுகள் கூரையின்றி நிற்கின்றன. அவர்களுக்கான நம் துஆவும் ஸதகாவும் குறைய வேண்டியதில்லை. அந்தக் கணக்கில் வரவு வைப்பதற்காகக் கோழிவிளையின் கணக்கில் பற்று எழுத வேண்டிய தேவை மட்டும் இல்லை.